உன் தக்காளிக்கு என் பாவாடை

என் வாய்க்குப் பயந்து முந்திக்கொண்டு போய்ச் சேர்ந்த என் தங்க மதினிக்கு,

முதல்ல ஒரு மானக்கேட்டைச் சொல்லிடுறேன். வேற யாராவது அங்க வந்து உன் காதுல போட்டா, அப்புறம் நான் வரும்போது தலை காட்ட முடியாது. பத்துப் பதினஞ்சு நாளா என் உள்பாவாடை ராத்திரி முழுக்க உன் தக்காளிச் செடி மேலதான் கிடந்தது. அந்த நீலப் பாவாடை. நீயும் நானும் ஒரே துணி வாங்கி ஆளுக்கொண்ணு தெச்சுக்கிட்டோமே, அதேதான். பொழுது சாயும்போது நாலு குச்சியை நட்டு, அது மேல கவுத்து, நாடாவை இழுத்து முடிஞ்சிடுவேன். காலையில வெயில் ஏறினதும் கழட்டி உதறினா, பொரி மாதிரி ஐஸ் கொட்டும்.

சாக்கு இல்லையாடின்னு கேப்பே. சாக்குதான் முதல்ல போட்டேன். நனைஞ்சு கனத்து ஒரு கிளையை முறிச்சுப் போட்டது. பாவாடை லேசு. எஸ்டேட் லைன் வீடுங்க முழுக்க சிரிச்சது, சிரிக்கட்டும். மேஸ்திரி பொண்டாட்டி சரசு வந்து நின்னு, "ஏக்கா, செடி வயசுக்கு வந்திருச்சா?"ன்னா. "இல்லடி, உன் வீட்டுக்காரர் இந்தப் பக்கம் போறாருல்ல, அதான் மூடி வெச்சிருக்கேன்"னேன். நீ போனதுக்கு அப்புறம் அன்னிக்குத்தான் நான் வாய்விட்டுச் சிரிச்சது. சிரிச்சு முடிச்சதும் பழக்கத்துல உன் காம்பரா வாசலைப் பார்த்தேன். பூட்டியிருந்தது.

இந்த மார்கழி பொல்லாத மார்கழி மதினி. உறைபனி விழுந்து ஆறாம் நம்பர் பள்ளம் பூராவும் தேயிலை கருகி, தீ வெச்ச மாதிரி நிக்குது. முன்னெல்லாம் இப்படிக் கருகினா எஸ்டேட் துரை தொப்பியோட ஓடி வருவாரு, மேஸ்திரி கத்துவாரு, நம்மளை விட்டுச் செடி மேல தழை பரப்பச் சொல்லுவாங்க. இப்ப யாரும் எட்டிப் பார்க்கலை. பறிக்கிற கூலிக்கே கொழுந்து விலை கட்டலைன்னு பறிக்கிறதையே நிறுத்தினாங்க. நீ இருக்கும்போது வாரத்துல ரெண்டு நாளாவது வேலை இருந்தது. அப்புறம் அதுவும் போனது. இடுப்புக்கு இருந்த செடி தோளுக்கு வந்திருச்சு. இன்னும் கொஞ்ச நாள் போனா மரமாகிடும், அதுல தூளி கட்டலாம்.

ஃபேக்டரி சங்கு ஊதுறதில்லை. சங்கு இல்லாம எத்தனை மணிக்கு எந்திரிக்கிறதுன்னு தெரியாம எல்லாரும் முன்னை விட சீக்கிரமா எந்திரிச்சு, சும்மா உக்காந்திருந்தோம்.

பொங்கல் கழிஞ்சதும் லைனைக் காலி பண்ணணும்னு சொல்லிட்டாங்க. தை பொறந்தா வழி பொறக்கும்பாங்க. எங்களுக்கு வழியைக் கையைக் காட்டியே சொல்லிட்டாங்க. என் வீட்டுக்காரரும் மகளும் ஏற்கெனவே திருப்பூர் போய் பனியன் கம்பெனியில சேர்ந்தாச்சு. நம்ம வீட்டுல நானும் உன் புருஷனான என் அண்ணனும்தான் பாக்கி. "நீ ஏன்டி இன்னும் அங்க கிடக்கே"ன்னு மகள் போன்ல கத்துறா. உன் காம்பராவைப் பூட்டிட்டு என் வீட்டோட இருக்கிற அண்ணனுக்குச் சோறு பொங்கணும்னு சொல்லிவிட்டேன். அது பாதிதான் நெசம்.

மீதிப் பாதி என்னன்னா, கிளம்புறதுக்கு முன்னாடி எனக்கு ஒரு பழம் வேணும். உன் விதையில இருந்து, பழுத்த பழம், ஒண்ணே ஒண்ணு. ஏன்னா உன் விதை ஒண்ணுகூட மிச்சம் இல்லை. ஒரு சிட்டிகை போட்டுட்டு மீதியை வைன்னு நீ படிச்சுப் படிச்சு சொல்லுவே. நீ விதையைச் சாம்பல் கலந்து வெச்சிருந்த அந்தப் பவுடர் டப்பா மூடி இறுக்கமா இருந்தது, நான் பல்லால கடிச்சு இழுத்தேன், சாம்பலும் விதையுமா மொத்தமும் நாத்துச் சட்டியில கவுந்திருச்சு. பொறுக்கி எடுக்க உக்காந்தேன். கண்ணு தெரியலை. கண்ணுல தண்ணி இருந்தா எப்படித் தெரியும். சரி, உன் இஷ்டம்னு மண்ணைத் தூவி விட்டேன்.

பழுக்காம போனா உன் தக்காளி இந்த லைனோட முடிஞ்சது.

நீ இந்தத் தக்காளிக்குப் பட்ட பாட்டை நினைச்சா இப்பவும் சிரிப்பு வருது. ஊட்டி மார்க்கெட்ல அந்தக் கோயமுத்தூர்க்கார விதைக்கடை அண்ணாச்சிகிட்ட போய் நின்னே. அவரு பளபளன்னு ஒரு பாக்கெட்டை எடுத்து, "ஏனுங்கம்மா, இதைக் கொண்டு போங்க. அறுவது நாள்ல பழமுங்க. கைக்கு அடங்காதுங்க"ன்னாரு. நீ பாக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துட்டுக் கேட்டே: "அறுவது நாள்னா, கோயமுத்தூர் நாளா, எங்க ஊரு நாளா?" அவரு முழிச்சாரு. "நாளுன்னா நாளுதானுங்களே"ன்னாரு. "எங்க ஊர்ல வெயிலே பாதி நாளைக்குத்தான் வருது"ன்னே. ஆனாலும் படத்துல மயங்கி வாங்கிட்டு வந்தே. அவர் சொன்னது சரிதான், கைக்கு அடங்காத காய். பனி விழுந்த அன்னிக்கும் பச்சைப் பசேல்னு தொங்கினது. அந்த வருஷம் லைன் பூரா பச்சைத் தக்காளிக் கூட்டு தின்னு எல்லாருக்கும் வயித்தால போனது.

நமக்கு மழை விட்டதுக்கும் பனி விழறதுக்கும் நடுவுல கொஞ்சமே கொஞ்சம் இடைவெளி. மழையில வெச்சா இலை கருகும், பனிக்கு மாட்டினா செடியே கருகும். அந்தச் சந்துல நுழைஞ்சு வெளியில வர்ற தக்காளிதான் நமக்கு வேணும், பெருசும் வேண்டாம், அழகும் வேண்டாம்னு நீ சொல்லுவே. "உன்னை மாதிரி சின்னதா, கறுப்பா, அவசரக்காரியா இருக்கணும்"னு என்னைக் காட்டிச் சொல்லுவே.

அப்புறம் அந்தப் பாய்லர் கதை. ஃபேக்டரிக்குப் பின்னால பாய்லர் சாம்பல் கொட்டுற இடத்துல, யாரோ சோறு தின்னு கை கழுவின இடத்துல, தானா ஒரு தக்காளி முளைச்சு நின்னது. மத்த செடியெல்லாம் அப்பத்தான் பூ விடுது, அது ரத்தச் சிவப்பா பழுத்திருக்கு. நீ அதைப் பறிச்சு முந்தியில முடிஞ்சுக்கிட்டு வந்து, மறுநாள் பெரட்டுல ஆள் எண்ணும்போது எல்லார் முன்னாலயும் சவால் விட்டே. "அடுத்த வருஷம் முதல் பழம் எங்க வாசல்லதான்டி"ன்னு. அடுத்த வருஷம் உன் வாசல்ல பழுக்கிறதுக்குள்ள மத்த மூணு வாசல்ல பழுத்திருச்சு. நாலு நாள் யோசிச்சுட்டு வந்து சொன்னே: "மாரி, அது விதையோட சமத்து இல்லடி. கீழ இருந்த சூடு." அன்னையில இருந்து ஒரு வருஷம் நான் உன்னை பாய்லர் மதினின்னே கூப்பிட்டேன்.

வேற ஒருத்தியா இருந்தா அதோட விட்டிருப்பா. நீ அந்தப் பாய்லர் செடியோட பிள்ளைங்களையே ஒரே பாத்தியில, ஒரே நாள்ல நட்டே. "செவுத்தோரம் ஒண்ணு, வெட்டவெளியில ஒண்ணு வெச்சுட்டு எது முந்துச்சுன்னு கேட்டா, பரிசைச் செவுத்துக்குத்தான் கொடுக்கணும்"னே. அதுல எது முந்தி, கீழ இருந்தே பூ விடுதுன்னு பார்த்தே. முதல்ல பழுத்த கொத்துல ஒரு கந்தல் துணியைக் கட்டிடுவே. துணி கட்டினது விதைக்கு, யாரும் தொடக்கூடாது. பசியில இருக்கிற பிள்ளைகூட தொடாது, அவ்வளவு பயம் உன் வாய்க்கு. ஒரு தடவை நான் வேற ஒரு சிவந்த காய்க்கு ஓடிப் போய்த் துணி கட்டினேன். நீ திருப்பிக் காட்டினே, பின்னால புழு ஓட்டை. "சீக்குப் பிடிச்சதும் முந்திச் சிவக்கும்டி. அதை நம்பாதே"ன்னே.

வருஷா வருஷம் இப்படியே பொறுக்கிப் பொறுக்கி, கடைசியில பனிக்கு முந்தி ரெண்டு தடவை பறிக்கிற மாதிரி ஒரு தக்காளியைக் கொண்டுவந்து நிறுத்தினே. கோலிக்குண்டுக்கு அக்கா, எலுமிச்சைக்குத் தங்கை. புளிப்புன்னா புளிப்பு, கண்ணை மூடவெக்கிற புளிப்பு.

சீக்குப் பிடிச்சது முந்தும்னு சொன்னவளுக்கு அது தனக்கும்னு தெரியுமா?

ஆடி மழையில உனக்கு இருமல் நெஞ்சுல இறங்கினப்போ, எஸ்டேட் ஆஸ்பத்திரியில கம்பவுண்டர் இல்லை. சம்பளம் இல்லைன்னு அவரு ஊருக்குப் போயிருந்தாரு. கொழுந்து லாரி ஷெட்டுல டயர் இல்லாம நின்னது. நாற்காலியில உக்கார வெச்சு, கயித்தால கட்டி, அண்ணனும் மூணு பேரும் பஸ் ரோட்டுக்குத் தூக்கினாங்க. நான் பக்கத்துல குடை பிடிச்சு ஓடி வந்தேன். "குடை எனக்கா உனக்கா? பாதி ஒடம்பு நனையுதுடி"ன்னு திட்டினே. கொஞ்ச தூரம் போனதும், "நாத்துச் சட்டியை வெளியில வெச்சிடாதே. அடுப்புப் பக்கம் வை"ன்னே. "பெரிய துரைசாணி, ஆர்டர் போடுறா. எந்திரிச்சு வந்து நீயே வை"ன்னேன்.

பதிலுக்குக் காத்திருந்தேன் மதினி. நான் ஒண்ணு சொன்னா நீ ரெண்டு சொல்லாம விட்டதே இல்லை. பெரட்டுக்களத்து வளைவு வரைக்கும் காத்திருந்தேன். "என்ன, வாயடைச்சுப் போச்சா?"ன்னு கேட்டேன். அப்புறந்தான் குனிஞ்சு பார்த்தேன். அவங்க இன்னும் தூக்கிக்கிட்டே நடந்துக்கிட்டிருந்தாங்க. நிறுத்துங்கன்னு சொல்ல எனக்கு வாய் வரலை. கொஞ்ச தூரம் சும்மாவே தூக்கிட்டுப் போனாங்க.

நாத்துச் சட்டியை அடுப்புப் பக்கந்தான் வெச்சேன். போட்டதுல பாதி முளைக்கலை, முளைச்சதுல பாதி அழுகினது. மீதி ஒரு கை விரலுக்கு மேல கொஞ்சம். மழை விட்டதும் எல்லாத்தையும் ஒரே நாள்ல நட்டேன். இடம் பத்தாம ஒண்ணை மட்டும் பாத்திக் கடைசியில, தண்ணி டிரம்முக்குப் பின்னால, நிழல்ல வெச்சேன்.

இனி சொல்லப்போறதுக்கு நீ திட்டுவே. ஐப்பசியில ஒரு நாள் சரசு வந்து பாத்தி ஓரமா நின்னு கதை பேசினா. யார் யார் திருப்பூர் போறாங்க, யார் கட்டபெட்டுல தங்கச்சி வீட்டுக்குப் போறாங்க, அதுதான் கதை. நானும் பேசிக்கிட்டே பாத்தி ஓரமா நடந்தேன். திடீர்னு அவ, "ஐயோ அக்கா, என்ன பண்றே நீ?"ன்னு கத்தினா. திரும்பிப் பார்த்தேன். என் முதுகுக்குப் பின்னால தரையெல்லாம் தக்காளிக் குருத்து. ரெண்டு இலை, ஒரு மொட்டு. ரெண்டு இலை, ஒரு மொட்டு. என் கை பாட்டுக்குக் கிள்ளிக் கிள்ளி, தோளுக்கு மேல பின்னால போட்டிருக்கு, முதுகுல இல்லாத கூடையில.

முத்தல் ஒண்ணுகூட இல்லை மதினி. நிறுவையில போட்டிருந்தா யாரும் குத்தம் சொல்லியிருக்க முடியாது.

சரசு முதல்ல சிரிச்சா. அப்புறம் அவளும் தன் கையைப் பார்த்துக்கிட்டே நின்னா. "எனக்கும் அக்கா, ராத்திரியில போர்வையைக் கிள்ளுறேனாம். வீட்டுக்காரர் சொல்றாரு"ன்னா. ரெண்டு பேரும் கீழ கிடந்ததைப் பொறுக்கினோம். எதுக்குப் பொறுக்கினோம்னு தெரியலை.

டிரம்முக்குப் பின்னால இருந்த செடிக்கு மட்டும் என் கை எட்டலை. அது ஒண்ணுதான் முழுசா நின்னது.

செத்தது போன்னு இருந்தேன். ஆனா கார்த்திகையில பார்த்தா, நான் கிள்ளின செடியில கீழ்க் கொத்துதான் முதல்ல நிறம் மாறுது. மேல வளர வழி இல்லாம எல்லாம் காய்க்கே போனது போல. அண்ணன் அதைப் பார்த்துட்டு, "பழுத்திருச்சுல்ல மாரி? விதை எடுத்துக்கோ, கிளம்பலாம்"னாரு. நீ போனதுக்கு அப்புறம் அவர் பாத்திப் பக்கம் வந்ததே அன்னிக்குத்தான்.

"இது அந்தப் பாய்லர் பழம் மாதிரி அண்ணே. என் கை கிள்ளினதால பழுத்தது. விதையோட சமத்தா, கையோட சமத்தான்னு எப்படித் தெரியும்?"

"எதா இருந்தா என்ன? பழம் பழந்தானே?"

"மதினிகிட்ட இதைச் சொல்லிப் பாருங்க."

அண்ணன் வாசல் இஸ்தோப்புல போய் உக்காந்துட்டாரு. அந்தப் பழத்தையெல்லாம் சம்பல் அரைச்சோம். பல நாளைக்கு அப்புறம் அவரு ரெண்டாந்தடவை சோறு கேட்டு வாங்கித் தின்னாரு. நான் பார்க்காத மாதிரி இருந்துக்கிட்டேன்.

அப்புறம் டிரம் பின்னால இருக்கிற அந்த ஒத்தைச் செடிக்குக் காவல். மார்கழி பொறந்தது. அதுல கீழ்க்கொத்துல நாலு காய், நாலும் பச்சை. கிள்ளின செடியெல்லாம் முதல் பனியிலயே கருகிப் படுத்திருச்சு. அப்பத்தான் பாவாடை ஏறினது. நிழல்ல நிக்கிற செடி, யாரும் கிள்ளாத செடி. அது பழுத்தா தன் சமத்துலதான் பழுக்கணும். என் பாவாடைச் சூட்டையும் கணக்குல சேர்க்கணும்னு நீ சொன்னா, அதுல எவ்வளவு சூடு இருக்குன்னு என் வீட்டுக்காரரைக் கேட்டுக்கோ.

தினமும் காலையில அதுகிட்ட போய் உன் பேரைச் சொல்லித் திட்டுறதுதான் என் பெரட்டு. "ஏய் பேச்சி, சாமான் கட்டியாச்சு, லாரி சொல்லியாச்சு, நீ இன்னும் முக்காடு போட்டுக்கிட்டு உக்காந்திருக்கியே"ன்னு திட்டுவேன். மத்த வீடுகள்ல ஒவ்வொண்ணா கதவு பூட்டினாங்க. சரசுவும் போயிட்டா. போகும்போது, "உன் பொண்ணு பழுத்தா சொல்லிவிடு அக்கா"ன்னுட்டுப் போனா.

முந்தாநாள் சாயங்காலம் பாவாடை கட்டப் போனேன். நாலு காய்ல ஒண்ணு, அடியில, பூ உதிர்ந்த இடத்துல, மஞ்சள் பூசின மாதிரி லேசா நிறம் விட்டிருந்தது. திருப்பிப் பார்த்தேன். ஓட்டை இல்லை. மறுபடியும் திருப்பிப் பார்த்தேன். புழு இல்லை, வெடிப்பு இல்லை.

உள்ள ஓடி, "அண்ணே, ஒரு துணித்துண்டு கொடுங்க"ன்னேன். எல்லாத் துணியும் மூட்டை கட்டியாச்சு. அவரு எந்திரிச்சுப் போய், தலைமாட்டுல மடிச்சு வெச்சிருந்த உன் பச்சைச் சேலையை எடுத்துட்டு வந்தாரு. அது தலைமாட்டுல இருந்தது எனக்கு அப்பத்தான் தெரியும். "ஓரமா கிழிச்சுக்கோ"ன்னாரு. எனக்குக் கை வரலை. அவரே பல்லால கடிச்சுக் கிழிச்சுக் கொடுத்தாரு. கிழியுற சத்தம் காலியான லைன்ல ரொம்பப் பெருசா கேட்டது.

துணியைக் கட்டினேன். கட்டி, பார்த்து, காம்போட கிள்ளி எடுத்துட்டேன். இன்னொரு ராத்திரிப் பனிக்கு அதை விட மனசு வரலை. ஒரு தடவை நிறம் விட்டுட்டா வீட்டுக்குள்ளயே பழுத்துடும்னு நீ சொல்லியிருக்கே. இப்ப அது துணியோட அரிசிப் பானைக்குள்ள இருக்கு. நேத்தைக்கு விட இன்னிக்குக் கொஞ்சம் சிவந்திருக்கு. அண்ணன் மணிக்கு ஒரு தடவை மூடியைத் தூக்கிப் பார்க்கிறாரு. பார்க்கப் பார்க்கப் பழுக்காதுன்னு நான் அதட்டுறேன்.

திருப்பூர்ல எங்களுக்குத் தகரக் கூரை போட்ட ஒத்தை ரூம். மண்ணு கிடையாது, காம்பவுண்டு கூட சிமிட்டி. அந்தச் சூட்டுல உன் தக்காளி என்ன செய்யும்னு எனக்குத் தெரியாது. அது நம்ம குளிருக்குன்னு நீ பொறுக்கினது. அங்க போய் அதுவும் நம்மளை மாதிரியே முழிக்குமோ என்னவோ. ஆனா ஒண்ணு, இந்தத் தடவை ஒரு சிட்டிகைதான் போடுவேன். பெயிண்டு டப்பாவோ ஓட்டைப் பக்கெட்டோ, கிடைக்கிறதுல வெப்பேன். மீதியைச் சாம்பல் கலந்து உன் பவுடர் டப்பாவுல வெப்பேன். மூடியை இறுக்கி மூட மாட்டேன். கிட்ட நின்னு கதை பேச மாட்டேன், கையை முந்தியில முடிஞ்சுக்குவேன். முதல்ல பழுக்கிறதுக்கு உன் பச்சைச் சேலையிலதான் துணி கட்டுவேன். இது சத்தியம்.

மீதி மூணு காய் பழுக்குமான்னு ஒரு நப்பாசை. அதனால முந்தாநாள் ராத்திரியும் செடிக்குப் பாவாடையைக் கட்டிவிட்டுட்டுத்தான் படுத்தேன். நேத்துக் காலையில போய்ப் பார்த்தா செடி இல்லை. குச்சி நாலும் இல்லை. பாத்தி நடுவுல காட்டெருமைக் குளம்புத் தடம். சாமான் கணக்கு எடுக்க வந்த ஃபீல்டு ஆபீசர், "ஏம்மா, ஆறாம் நம்பர் பள்ளத்துல, கொம்புல நீலத் துணியோட ஒண்ணு மேயுதே, அது எஸ்டேட் சாமானா?"ன்னு கேட்டாரு. என்னோடதுங்கன்னேன். நாடா இறுக்கி முடிஞ்சது, அவ்வளவு லேசுல அவிழாது. இப்ப நம்ம லைன்ல இருந்து ஆறாம் நம்பர் பள்ளத்துக்கு வேலைக்குப் போறது அந்தப் பாவாடை ஒண்ணுதான்.

இப்படிக்கு,
உனக்குப் பதில் பேசியே பழகிப்போன உன் நாத்தனா,
மாரியாயி